கிருஷ்ணம்மாளின் மூக்கு

கிருஷ்ணம்மாள் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். அரியலூரில் ஒரு ஆசுபத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் அவளும் நானும் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஆளுக்கொரு முக்காலி கொடுத்திருந்தார்கள். என்னுடையது தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அவளுடையதில் பெயிண்ட்கூட உரியவில்லை. நின்றுகொண்டே மைக்ராஸ்கோப் பார்ப்பாள், நின்றுகொண்டே ரிசல்ட் எழுதுவாள், நின்றுகொண்டே தயிர்சாதத்தையும் அள்ளிப் போட்டுக்கொள்வாள். வேலை இல்லாத நேரத்தில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். காலில் சக்கரமா கட்டியிருக்கிறாய் என்று கேட்டால், ஆமாம், உனக்குத்தான் ஆணி அடித்திருக்கிறது என்பாள்.

நான் லீலாவதி, பெரம்பலூர்க்காரி. எனக்கும் பொறுமை மருந்துக்குக்கூடக் கிடையாது. நான் உட்கார்ந்தபடியே பொறுமை இழப்பேன், அவள் நடந்தபடி இழப்பாள். அதனால்தானோ என்னவோ எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

அவளுக்கு இன்னொரு விசேஷம், மூக்கு. மூத்திரப் பாட்டிலின் மூடியைத் திறந்த உடனே, டியூபில் காய்ச்சிப் பார்க்கும் முன்பே, இது சர்க்கரை, இது சீழ் என்று சொல்லிவிடுவாள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும். டாக்டரே சில சமயம் கதவருகில் நின்று, என்னம்மா, மூக்கு என்ன சொல்லுது என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த மூக்கு ஆசுபத்திரியில் பழகிய மூக்கு இல்லை. ஆண்டிமடத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டு ஊர் ஒன்றுதான் அவளுக்குச் சொந்த ஊர். பங்குனி, சித்திரையில் முந்திரிப்பழம் மரத்தடியில் விழுந்து அழுகிக் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை விட்டுவிடுவார்கள். சிலர் அதை விடமாட்டார்கள், பானையில் ஊறப்போட்டுக் காய்ச்சுவார்கள். அவளுடைய அப்பா அரியமுத்து காய்ச்சவும் செய்வார், அதைக் குடிக்கவும் செய்வார். அவர் வாசலில் வந்து விழுந்ததும் அம்மா ஒன்பது வயதுப் பெண்ணை அனுப்புவாளாம், போய் மோந்து பார்த்துட்டு வா என்று. குடித்திருந்தால் அம்மா சின்னப் பிள்ளையை, அதாவது தம்பி மாயவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். கிருஷ்ணம்மாள் தப்பாகச் சொன்னால் அன்றைக்கு எல்லோருக்கும் அடி விழும். அவள் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. ஊரிலேயே அது பேச்சாகிவிட்டது. அப்பா நாற்பது வயதைத் தாண்டவில்லை. அம்மாவும் சீக்கிரமே போய்விட்டாள். தம்பியை வளர்த்துக் கல்யாணம் செய்துவைத்தது அவள்தான். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

மாயவனும் குடித்தான். வேறென்ன செய்வான், அந்தக் காட்டிலேயே வளர்ந்தவன். எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்த அவன் மனைவி சிந்தாமணி, மகளைக் கூட்டிக்கொண்டு மீன்சுருட்டியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் அவனுக்குப் புத்தி வந்தது. ஒன்றரை வருஷமாக அவன் தொடவில்லை. சிந்தாமணி நம்பவில்லை. இந்த மாதிரி சத்தியம் எத்தனை கேட்டிருப்பாள் பாவம். கடைசியில் ஒன்று சொல்லி அனுப்பினாள். எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. காப்புக் கட்டி, கரகம் எடுத்து, சுத்தமாகத் தீ மிதித்துக் காட்டட்டும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாள்.

அந்த ஊரில் கரகம் எடுப்பவனுக்கு விரதம் கடுமை. வெள்ளிக்கிழமை கையில் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டுவார்கள். இரண்டு நாள் ஒருவேளைச் சோறு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடுத்த வெள்ளி தீ மிதிக்கும்வரை வெறும் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். பூசாரிக்கும் அதே விரதம். மற்றவர்களுக்கெல்லாம் ஒருவேளைச் சாப்பாடு உண்டு.

புதன்கிழமை கிருஷ்ணம்மாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனாள். வெள்ளிவரை இருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். வியாழன் காலை எட்டரை மணிக்கு நான் கூடத்தைத் திறக்கப் போனால் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். என்னடி என்று கேட்டேன். சாவியைப் பிடுங்கித் திறந்தாள். அரை மணி நேரம் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

அவள் போய் இறங்கும்போதே கோயில் வாசலில் கூட்டம். மாயவன் வாயில் வாசம் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கோயில் காரியம் பார்க்கும் ராசாங்கம், அவர் பெரிய மனிதர், கெட்டவர் இல்லை, குழப்பத்தோடு நின்றிருக்கிறார். கரகம் எடுப்பவன் குடித்திருந்தால் ஊருக்கே ஆகாது. இவளைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. உன் மூக்கு தப்பாது, ஆசுபத்திரியிலும் அதே வேலைதான் பார்க்கிறாய், நீயே மோந்து சொல், உன் தம்பி என்று பார்க்காதே என்றிருக்கிறார்.

அவள் கிட்டே போனாள். மாயவன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து ஊதியிருக்கிறான். அக்கா சொன்னால் தீர்ந்தது என்று அவனுக்கு நிம்மதி. ஊதியதும் அவள் மூக்கில் ஏறியது அழுகின முந்திரிப்பழம். அதே இனிப்பு, அதே காரம், அப்பா வாசலில் விழுந்து கிடக்கும்போது வரும் அதே வாடை. ஒன்பது வயதில் சொன்னது போலவே சொல்லிவிட்டாள்.

ஆமா என்றாள்.

அக்கா, நான் குடிக்கலக்கா என்று அவன் சொன்னதை அவள் நின்று கேட்கவில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ராசாங்கம் காப்பை அறுத்தார். இவள் வந்த காலோடு திரும்பி பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்குள் போய் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஒன்றரை வருஷம் ஏமாத்திட்டான் லீலா. நாளைக்குச் சிந்தாமணி வந்து நிப்பா. அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

விடு, தலையெழுத்து என்று ஏதோ சொன்னேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது, நானும் அதே வேலைதானே பார்த்தேன்.

பத்து மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. குன்னத்துப் பக்கத்துப் பெண், மூன்று மாதக் கர்ப்பம், ஒரு வாரமாக எது சாப்பிட்டாலும் வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அசிட்டோன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். கிருஷ்ணம்மாள்தான் செய்தாள். டெஸ்ட் டியூபில் மூத்திரத்தை ஊற்றி, அம்மோனியம் சல்பேட் உப்பைக் கரையாத அளவுக்குப் போட்டு, சிவப்புப் படிகம் ஒன்றை உடைத்துப் போட்டுக் குலுக்கி, டியூபைச் சாய்த்து ஓரமாக அம்மோனியாவை விட்டாள். இரண்டும் சேரும் இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வளையம் எழும்பியது. நல்ல அழுத்தமான வளையம், அசிட்டோன் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அவள் சீட்டில் நாலு கூட்டல் குறி போட்டாள்.

அந்தப் பெண் இன்னும் கதவருகில்தான் நின்றிருந்தாள். எப்பம்மா ரிசல்ட்டு கொடுப்பீங்க என்று இவள் முகத்துக்கு நேரே வந்து கேட்டாள். கிருஷ்ணம்மாள் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, இன்னொரு தரம் பேசு என்றாள். அவள் பயந்துபோய், என்னம்மா என்றாள். இவள் மூக்கு விரிந்தது. அப்படியே பின்னால் வந்து, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இதே வாசம்தான் லீலா. மாயவன் வாயில வந்தது இதுதான்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உடம்பில் இருப்பில் உள்ள சர்க்கரை ஒரு நாளைக்குத்தான் தாங்கும். ஈரலில் சேர்த்துவைத்தது தீர்ந்ததும் உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்க ஆரம்பிக்கும். எரிவதில் மிஞ்சுகிற அசிட்டோன் மூச்சில் வரும், மூத்திரத்திலும் வரும். பழம் அழுகின வாசம் அடிக்கும். வாரத்துக்கு நாலு பேருக்கு அந்த வளையத்தைப் போட்டுப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஆனால் அவள் மூக்கு ஆசுபத்திரியில் நின்றால் ஆசுபத்திரி மூக்கு, முந்திரிக்காட்டில் நின்றால் அரியமுத்து மகளின் மூக்கு. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள், முந்திரிக் காட்டில் பட்டினி கிடந்தவன் வாய்க்கு வேறென்ன பேர் கிடைக்கும்.

டாக்டரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் இருவருக்கும் லீவு கொடுத்து, சாமான்களை எடுத்துப்போகவும் அனுமதித்தார். அம்மோனியம் சல்பேட் ஒரு பொட்டலம், படிகம் ஒரு சின்னக் குப்பி, டெஸ்ட் டியூப் இரண்டு, அம்மோனியா ஒரு பாட்டில் என்று எல்லாவற்றையும் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தோம். பதினொன்றரை மணி ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடித்தோம்.

அந்த மாதிரிப் பஸ் பயணம் எதிரிக்குக்கூட வரக்கூடாது. கிருஷ்ணம்மாள் இடம் இருந்தும் உட்காரவில்லை. அம்மோனியா பாட்டிலின் தக்கை இளகி வாசம் கிளம்பிவிட்டது. பஸ்ஸில் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து, என்னம்மா பையில என்று கேட்டார். மருந்து என்றேன். யாருக்கு, செத்தவங்களுக்கா என்றார். கிருஷ்ணம்மாளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவளுக்கு ஒரே கவலைதான்.

"காப்ப அறுத்தாச்சு. இனி எதுக்குப் பட்டினி கெடக்கணும்? சாப்பிட்டிருப்பான். சாப்பிட்டிருந்தா போச்சு லீலா."

அவள் சொன்னது சரிதான். சோறு உள்ளே போய்விட்டால் உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு மறுபடி சர்க்கரைக்குத் திரும்பிவிடும். சில மணி நேரத்தில் வாசம் போய்விடும், வளையமும் வெளிறிவிடும். அவன் குடிக்கவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி ஒரு தட்டுச் சோற்றில் காணாமல் போகும். மறுநாள் சிந்தாமணி வந்து, காப்பு இல்லாத கையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாள். பிறகு எத்தனை வருஷம் சத்தியம் செய்தாலும் கேட்க ஆள் இருக்காது.

அவளை அமைதிப்படுத்த வேண்டி, படித்ததெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். நாலு நாள் பட்டினியில் உடம்பு சாமர்த்தியமான குடும்பம் நடத்தும் என்றேன். பஞ்ச காலத்தில் வீட்டுக்காரி என்ன செய்வாள்? புதுச் சுவர் எழுப்புவதை நிறுத்துவாள், இருக்கிற ஓட்டையை அடைப்பாள், உடைந்த கட்டில் காலை அடுப்புக்குப் போடுவாள். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லும் அதைத்தான் செய்கிறது. வளர்வதையும் பிரிந்து பெருகுவதையும் குறைத்துக்கொள்ளும். தனக்குள்ளேயே பழுதானதை எடுத்துக் கரைத்துச் சாப்பிட்டுக்கொள்ளும். சர்க்கரை இல்லாமல் இருக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மூளைகூட, மூன்றாம் நாள் நாலாம் நாளில் ஈரல் அனுப்பும் கொழுப்புச் சரக்கை வாங்கிக்கொள்ளப் பழகிவிடும் என்றேன். தொண்டை வற்றுமளவுக்குப் பேசினேன்.

"எல்லாம் தெரிஞ்சுதானே இருந்துச்சு எனக்கு" என்றாள் கிருஷ்ணம்மாள்.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, ஆண்டிமடம் தாண்டி, பஸ் நிற்கும் முன்பே அவள் குதித்துவிட்டாள். ரோட்டிலிருந்து முந்திரிக்காட்டு வழியாக ஒரு மைல். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வழியெல்லாம் பழம் அழுகிக் கிடந்தது. அந்த வாசத்தை அப்போதுதான் நான் முதல்முறை முகர்ந்தேன். யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போவார்கள்.

மாயவன் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. மணிக்கட்டில் காப்புக் கட்டியிருந்த இடத்தில் மஞ்சள் கறை. அவன் பக்கத்தில் மூடிபோட்ட கஞ்சிக் குண்டான்.

"சாப்ட்டியாடா?" என்றாள் இவள், மூச்சிரைக்க.

அவன் தலை நிமிரவில்லை. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள்தான் பதில் சொன்னாள். நேற்றிலிருந்து மூன்று தரம் கஞ்சி வைத்துவிட்டாளாம், தொடவே இல்லை. காப்பை அறுத்தது ராசாங்கம், நான் வேண்டிக்கொண்டது அம்மனிடம், வெள்ளிக்கிழமை முடியாமல் சாப்பிடமாட்டேன் என்று ஒரே பிடிவாதமாம். கிருஷ்ணம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து நெரித்தாள். தம்பி அஞ்சு நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட அக்காவை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மளமளவென்று பையைப் பிரித்தாள். டியூபுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். விஷயத்தைக் கொட்டினாள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அது சாராயம் இல்லை, பட்டினி வாசம், ஊரைக் கூட்டி எல்லார் முன்னாலும் நிரூபிக்கிறேன், இந்தப் பாட்டிலில் கொஞ்சம் மூத்திரம் பிடித்துக் கொடு என்று பாட்டிலை நீட்டினாள். அவன் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து நான் சொன்னேன்ல, குடிக்கலன்னு."

"சொன்னடா. நான்தான்..."

"தம்பி சொன்னா நம்ப மாட்ட. மூத்திரம் சொன்னா நம்புவியாக்கா?"

அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவன் பாட்டிலை வாங்கவில்லை. நான் இடையில் புகுந்து, உன் பெண்டாட்டி பிள்ளைக்காகவாவது கொடுப்பா என்று கெஞ்சிப் பார்த்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது, வீம்புக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா என்று. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். எல்லாவற்றையும் நாங்கள் மறுபடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தோம்.

கிருஷ்ணம்மாள் வாசலில் நாலு தரம் போனாள், வந்தாள். அப்புறம் விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தாள். நெருப்புக்குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ராசாங்கம் விறகு இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவள் அவர் முன்னால் போய், நேற்று நான் சொன்னது தப்பு, என் தம்பி குடிக்கவில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். வேலை நின்றது. வயிற்றில் சோறு இல்லையென்றால் உடம்பு உள்ளே இருக்கும் கொழுப்பை எரிக்கும், அந்தப் புகைதான் வாயில் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி விளக்கினாள். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராசாங்கம் பொறுமையாகத்தான் பேசினார்.

"நேத்து ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. ரத்தபாசம் யாரைத்தான் விட்டுச்சு? போம்மா."

அவள் நகரவில்லை. கண் அங்குமிங்கும் அலைந்தது. கோயிலுக்குள் பூசாரி அய்யம்பெருமாள் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பூசை நாட்களில் அவர் மூக்குக்குக் கீழே வாயைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருப்பார். எச்சில் காற்று அம்மன் மேல் படக்கூடாது என்பது அங்கே வழக்கம். காப்புக் கட்டிய நாளிலிருந்து யாரோடும் பேசவும் மாட்டார். கிருஷ்ணம்மாள் படியருகில் போய்க் கும்பிட்டாள்.

"சாமி, நீங்களும் ஞாயித்துக்கெழமையிலேருந்து வெறும் தண்ணிதான். வாய்க்கட்ட அவுத்து ராசாங்கம் மாமா கிட்ட ஒரு வார்த்த பேசுங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு. பூசாரியைச் சந்தேகப்படுகிறாளே என்று ஒரு பெரியவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன். பூசாரி எண்ணெய்க் கரண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அம்மனைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கழுத்துக்குப் பின்னால் கைவிட்டு முடிச்சை அவிழ்த்து, ராசாங்கத்தின் முகத்துக்கு நேரே நின்றார்.

"எனக்கும் மூணு நாளா இந்த வாசம் இருக்கு. அந்தப் பய காப்ப அறுக்கும்போதே தெரியும். சொன்னா என்னையும் குடிகாரம்பீங்களோன்னு பயந்துட்டேன்."

ராசாங்கத்தின் மூக்கு சுருங்கியது. அறுபது வயதுவரை கள்ளைக்கூடக் கண்ணால் பார்த்திராத மனிதர் அய்யம்பெருமாள். ராசாங்கம் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் கிட்டே போய் முகர்ந்துவிட்டு விலகி நின்றார்கள். மண்வெட்டி வைத்திருந்தவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

தப்பு நடந்துபோச்சு என்று ராசாங்கம் ஒப்புக்கொண்டார். ஆனால் அறுத்த காப்பை அதே கையில் மறுபடி கட்டும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. கட்டினால் அம்மனுக்குக் குற்றமாம். கரகத்துக்கு வேறு ஆள் ஏற்பாடாகிவிட்டது. அடுத்த வருஷம் மாயவன்தான் எடுப்பான் என்று ஊர் முன்னால் சொன்னார். அடுத்த வருஷத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு வருகிறவளுக்கு என்ன பதில் சொல்வது என்று கிருஷ்ணம்மாள் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து அவள் ரோட்டில் நின்றாள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடினாள். சிந்தாமணியிடம் எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று என்னிடம் ஒப்பித்துக்கொண்டே இருந்தாள். ஈரல், கொழுப்பு, பூசாரியின் வாய்க்கட்டு எல்லாம் மாறி மாறி வந்தது. பதினொரு மணிக்குச் சிந்தாமணி மகளோடு இறங்கினாள். மெலிந்த, குட்டையான பெண். பஸ்ஸிலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள், அக்காவே மோந்து சொல்லிக் காப்பை அறுத்துட்டாங்க என்று. முகம் இறுகியிருந்தது. கிருஷ்ணம்மாள் ஆரம்பித்தாள். சிந்தாமணி, அப்புறம் சொல்லுங்கண்ணி என்று ஒரே வார்த்தையில் அவளைத் தாண்டி நடந்தாள். ஒரு மைலும் அவளுக்குப் பின்னாலேயே நாங்கள் ஓடினோம்.

வீட்டு வாசலில் மாயவன் எழுந்து நின்றான். நிற்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். சிந்தாமணி பையைக் கீழே வைத்துவிட்டு நேராக அவனிடம் போய், மோவாயைப் பிடித்து முகத்தைக் கீழே இழுத்து முகர்ந்தாள். ஒரு மூச்சுதான். கையை விட்டுவிட்டாள்.

"இது சாராயம் இல்ல. எட்டு வருசம் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"மோந்து பாத்தீங்களே அண்ணி, அவரு மூஞ்சியப் பாத்தீங்களா?"

சிந்தாமணி உள்ளே போய் அடுப்பு மேட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். பிள்ளை அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரு மூலையில் போய் அழ வேண்டும் போலிருந்தது, அழவும் செய்தேன்.

அன்று மாலை வேறொருவன் கரகம் எடுத்தான். மாயவன் கூட்டத்துக்குப் பின்னால் மனைவியோடு நின்று பார்த்தான். எல்லோரும் குழியைக் கடந்தபின் பூசாரி தீர்த்தச் செம்போடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து முதலில் அவனுக்குத்தான் கொடுத்தார். வெறும் வயிற்றில் கெட்டியாக எதுவும் கொடுக்காதீர்கள், முதலில் வடிகஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக என்று கிருஷ்ணம்மாள் சொன்னாள். சிந்தாமணி அப்படியே ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் எங்களைப் பஸ் ஏற்ற மாயவன் வந்தான். முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. அடுத்த மாதம் எல்லோரும் அரியலூருக்கு வருகிறோம், பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க உன்னிடம் யோசனை கேட்க வேண்டும் என்று அக்காவிடம் நன்றாகத்தான் பேசினான். கோபம் எதுவும் தெரியவில்லை. ஆனால் பேசும்போது வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். பல்வலியோ என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, போய்ட்டு வாங்கக்கா என்றபோது கை கீழே இருந்தது.

சொன்னபடி வந்தான். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வந்தான். மறுவருஷம் கரகம் எடுத்தான். கடைசிவரை குடியைத் தொடவில்லை. தீபாவளிக்கு அக்காவுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பான், காய்ச்சல் என்றால் ஆண்டிமடத்திலிருந்து ஓடி வருவான். ஒவ்வொரு தடவையும், அவள் முன்னால் வாயைத் திறக்கும்போது அந்தக் கை மேலே போய்விடும். மனைவியிடமோ மகளிடமோ என்னிடமோ அவன் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரே ஒருமுறை, எங்கள் பரிசோதனைக்கூடத்து வாசலில் வைத்து, கிருஷ்ணம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தாள். கைய எடுடா என்றாள். அவன் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான்.

"இருக்கட்டும்கா, பழகிப்போச்சு" என்றான், கையை எடுக்காமல்.